18 என்றால் எந்த 18? நெக்லஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

"18 எடுத்தால் போதும்" என்று ஒருவர் சொல்கிறார். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போகிறார். சொன்னவர் மனதில் இருந்தது 18 அங்குல நீளம். கேட்டவர் புரிந்துகொண்டது 18 காரட் தங்கம். பக்கத்தில் நின்ற மூன்றாமவர் 18 கிராம் எடை என்று எடுத்துக்கொண்டார். மூவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசினார்கள், ஆனால் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பற்றி.

கழுத்தில் போடும் நகை பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. "கெட்டியான செயின்", "ஒரிஜினல் முத்து", "கறுக்காத வெள்ளி" என்று சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

இதை எழுதத் தூண்டியது ஓர் அறுந்த சங்கிலி. என் அக்கா ஐந்தாறு வருடம் தினமும் போட்டிருந்த சங்கிலி ஒருநாள் அறுந்து, பதக்கம் எங்கோ விழுந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "தங்கம் மட்டம்." அந்தச் சங்கிலியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். சங்கிலி முழுக்க நன்றாகவே இருந்தது. கொக்கியையும் சங்கிலியையும் சேர்க்கும் ஒரே ஒரு குட்டி வளையம் மட்டும் ஒரு பக்கம் தேய்ந்து தேய்ந்து தலைமுடி அளவுக்கு மெலிந்து, அந்த இடத்தில் பிரிந்திருந்தது. தங்கத்தின் மீது விழுந்த பழி உண்மையில் அந்த வளையத்துக்குப் போக வேண்டியது.

## ஒரு கயிறு வாங்குவதுபோல

நகையை மறந்துவிட்டு ஒரு கயிறு வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நீளம் வேண்டும்? பருத்தியா, சணலா, நைலானா? எப்படி முறுக்கியது, எத்தனை புரி? நுனியை எதில் எப்படிக் கட்டப்போகிறோம்? நான்கும் தனித்தனிக் கேள்விகள். நைலான் கயிறு உறுதியானதுதான், ஆனால் முடிச்சு சரியில்லையென்றால் அவிழும். முடிச்சு அருமையாக இருந்தாலும் நீளம் பற்றாவிட்டால் பயனில்லை.

நெக்லஸும் அப்படியே. எங்கே வந்து விழுகிறது (நீளம்), எதனால் ஆனது (பொருள்), எப்படிக் கோத்தது (அமைப்பு), எங்கே மூடுகிறது (கொக்கி) என்ற நான்கையும் தனியாகக் கேட்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்குப் போடுவதால்தான் ஏமாற்றம் வருகிறது.

சில சொற்களை இங்கேயே பிடித்துக்கொள்வோம். சங்கிலியில் ஒன்றோடொன்று கோத்திருக்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. மணிகளையோ முத்துகளையோ நூலில் கோத்த ஒரு வரிசை ஒரு சரம். நடுவில் தொங்குவது பதக்கம், பேச்சில் டாலர் என்றும் சொல்வோம். நெக்லஸ் என்பதை இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொள்கிறேன்.

மனிதர்கள் கழுத்தில் கோத்துப் போடுவது உலோகம் கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் சுமார் 75,000 ஆண்டுகளுக்கு முந்தைய, துளையிட்ட சிறு கிளிஞ்சல்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் துளை ஓரங்களில் நூல் உராய்ந்த தேய்மானம் தெரிகிறது. என் அக்காவின் வளையத்தில் நான் பார்த்ததும் அதே மாதிரித் தேய்மானம்தான்.

## நீளம்: அளவுகோல் சொல்வதும் கழுத்து சொல்வதும்

நெக்லஸின் நீளம் என்பது, அதைத் திறந்து நேராக நீட்டி வைத்து, கொக்கியையும் சேர்த்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்தால் வருவது. பதக்கத்தின் உயரம் இதில் சேராது.

புழக்கத்தில் இருக்கும் பெயர்கள் ஏறத்தாழ இவை. 14 முதல் 16 அங்குலம் (36 முதல் 41 செ.மீ.) வரை சோக்கர், கழுத்தை ஒட்டி இருக்கும். 17 முதல் 19 அங்குலம் பிரின்சஸ், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வரும். 20 முதல் 24 வரை மாட்டினி, மார்பின் மேல்பகுதி. 28 முதல் 36 வரை ஒபேரா. அதற்கும் மேலே போனால் ரோப், இரண்டு சுற்றாகப் போட்டுக்கொள்ளலாம். இவற்றின் எல்லைகள் ஓர் அங்குலம் இப்படி அப்படி இருக்கும், அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. இந்தப் பெயர்கள் சராசரிக் கழுத்தை வைத்துச் சொன்னவை. 13 அங்குலச் சுற்றளவுள்ள கழுத்தில் 16 அங்குலம் தளர்வாகக் கிடக்கும். 16 அங்குலக் கழுத்தில் அதே சங்கிலி பிடிக்கும். ஆகவே பெயரை நம்பாமல் நூலை நம்புங்கள். ஒரு நூலைக் கழுத்தில் போட்டு, எங்கே விழ வேண்டுமோ அங்கே விட்டுப் பிடித்து, அப்புறம் அந்த நூலை நீட்டி அளந்தால் உங்கள் நீளம் கிடைத்துவிடும்.

கிடைத்துவிடும் என்றேன், மெல்லிய சங்கிலிக்கு அது சரி. மணி மாலைக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது, பலரும் ஏமாறுவது இங்கேதான். மாலையின் நீளம் மணிகளின் நடுவில் ஓடும் நூலின் நீளம். ஆனால் கழுத்தைத் தொடுவது நூல் இல்லை, மணியின் உள்பக்கம். மணி தடிமனாக ஆக, உள்ளே கழுத்துக்கு மிஞ்சும் இடம் குறைகிறது. எவ்வளவு குறையும்? மணியின் விட்டத்தை 3.14 ஆல் பெருக்குங்கள். 4 மி.மீ. மணி என்றால் சுமார் 12.5 மி.மீ. குறையும், அரை அங்குலம். 10 மி.மீ. மணி என்றால் சுமார் 31 மி.மீ., ஓர் அங்குலத்துக்கும் மேலே. 16 அங்குலம் என்று வாங்கிய பெரிய மணி மாலை, கழுத்தில் 15 அங்குலம்கூட இல்லாததுபோல் இறுக்குவதற்கு இதுதான் காரணம். அளவுகோலில் தவறில்லை, மணியின் தடிமன் இடத்தை எடுத்துக்கொண்டது.

இன்னொன்று, பதக்கம் செய்யும் வேலை. பதக்கமில்லாத சங்கிலி தன் எடையால் மட்டும் தொங்கும்போது ஒரு மென்மையான வளைவாக விழும். அந்த வளைவின் சரியான வடிவம் என்னவென்று 1691-இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி ஆகிய மூவரும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சொன்னார்கள். கணிதத்தில் அதற்குப் பெயரே சங்கிலி வளைவுதான். அதில் ஒரு பதக்கத்தைக் கோத்தால் எடை நடுவில் குவிந்து, இரு பக்கமும் நேராகி, ஆங்கில 'வி' எழுத்துபோல் இழுபடும். அதனால் அதே சங்கிலி சற்றுக் கீழே இறங்கும். நீளத்தை 2 அங்குலம் கூட்டினால் கீழே இறங்குவது ஏறத்தாழ 1 அங்குலம்தான், கூட்டியது இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிந்துபோகும்.

சுருக்கமாக: பெயர் வழிகாட்டி மட்டுமே. நூலால் அளக்கவும். மணி தடிமனென்றால் கூடுதலாக விடவும். பதக்கம் கனமென்றால் அது இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று எதிர்பார்க்கவும்.

## பொருள்: காரட் என்ற இரட்டைச் சொல்

காரட் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு அளவுகளுக்குப் பயன்படுத்துகிறோம். கல்லுக்குச் சொல்லும் காரட் எடை: 1 காரட் 0.2 கிராம், இது 1907-இல் உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. தங்கத்துக்குச் சொல்லும் காரட் எடையே இல்லை, விகிதம். மொத்தம் 24 பங்கு என்று வைத்து, அதில் எத்தனை பங்கு தங்கம் என்பதைச் சொல்வது. 24 காரட் முழுத் தங்கம். 22 காரட்டில் 22 பங்கு தங்கம், 2 பங்கு வேறு உலோகம். ஆயிரத்துக்கு எத்தனை என்று முத்திரையில் போடும்போது 22 காரட் 916 ஆகிறது, 18 காரட் 750, 14 காரட் 585, 9 காரட் 375.

அப்படியானால் 24 தானே சிறந்தது? தூய்மைக்கு ஆம், சங்கிலிக்கு இல்லை. சுத்தத் தங்கம் அவ்வளவு மென்மை. 1 கிராமைத் தட்டித் தட்டி ஏறத்தாழ 1 சதுர மீட்டர் தகடாக விரிக்கலாம். அப்படி வளைந்துகொடுக்கும் பொருளால் செய்த மெல்லிய கண்ணி, தினசரி இழுப்பில் நீண்டு வாய் திறந்துவிடும். செம்பும் வெள்ளியும் சேர்த்தால் உறுதி கூடுகிறது. இப்படி உருக்கிச் சேர்த்ததற்கு உலோகக்கலவை என்று பெயர். கலவை என்றவுடன் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். ஏமாற்றுவதற்குச் சேர்ப்பது கலப்படம், வேலைக்காகச் சேர்த்து முத்திரையில் வெளிப்படையாகச் சொல்வது கலவை.

சேர்க்கும் உலோகம்தான் நிறத்தையும் மாற்றுகிறது. செம்பு தூக்கலாக இருந்தால் ரோஸ் கோல்டு. பல்லேடியமோ நிக்கலோ சேர்த்தால் வெளிர்நிறமான ஒயிட் கோல்டு, பெரும்பாலும் அதன்மேல் ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தை மெல்லிசாகப் பூசுவார்கள். சில வருடங்களில் ஒயிட் கோல்டு லேசாக மஞ்சளடித்தால் அந்தப் பூச்சு தேய்ந்திருக்கிறது என்று பொருள், நகை போலி என்று பொருளில்லை.

## முலாம்: சுவரும் சுண்ணாம்பும்

செங்கல் சுவருக்கு வெள்ளையடித்தால் சுவர் சுண்ணாம்பாகிவிடாது. முலாமும் அதே கதை. பித்தளையாலோ வெள்ளியாலோ செய்த சங்கிலியைத் தங்க உப்புக் கரைசலில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால், கரைசலில் இருக்கும் தங்கம் அணு அணுவாக வந்து மேலே படிகிறது. இத்தாலியரான லூயிஜி புருன்யாதெல்லி 1805-லேயே மின்சாரத்தால் தங்க முலாம் போட்டுக் காட்டினார்.

எல்லாம் பூச்சின் தடிமனைப் பொறுத்தது. அதை மைக்ரானில் அளப்பார்கள், 1 மைக்ரான் என்பது 1 மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். சாதாரண முலாம் அரை மைக்ரான்கூட இல்லாமல் இருக்கலாம். வெர்மேல் என்று விற்பது வெள்ளியின்மேல் தடிமனாகப் போட்ட தங்க முலாம், அமெரிக்க வழிகாட்டு விதிப்படி அது குறைந்தது 2.5 மைக்ரான். கோல்டு ஃபில்டு என்பது இன்னொரு வகை, பெயரைக் கேட்டு உள்ளே தங்கம் நிரப்பியது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தங்கம் வெளியேதான் இருக்கிறது. தங்கக்கலவைத் தகட்டை வேறு உலோகத்தின்மேல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டியது அது. மொத்த எடையில் 20-இல் ஒரு பங்காவது அந்தத் தங்கக்கலவை இருக்க வேண்டும். முலாமைவிடப் பல மடங்கு தடிமன் என்பதால் பல வருடம் தாங்கும்.

முலாம் எங்கே முதலில் போகும் என்று பாருங்கள். முன்பக்கம் பளபளப்பாகவே இருக்கும், கண்ணியும் கண்ணியும் உரசும் உள்வளைவில்தான் முதலில் அடி உலோகம் எட்டிப்பார்க்கும். அடுத்து பிடரியில் படும் இடம், கொக்கியின் விளிம்பு. பழைய முலாம் சங்கிலி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணியைச் சற்றுத் தள்ளிப் பார்த்தால் ஒரு குட்டிச் செம்பிறை தெரியும்.

எடையும் காட்டிக்கொடுக்கும். சுத்தத் தங்கம் தண்ணீரைவிட 19.3 மடங்கு கனம், பித்தளை 8.5 மடங்குக்குப் பக்கத்தில். 18 காரட்டே 15 மடங்கைத் தாண்டும். அதனால் ஒரே அளவுள்ள இரண்டு சங்கிலிகளில் பித்தளை ஒன்று கையில் பாதி எடைக்குச் சற்று மேலாகத்தான் இருக்கும். ஆனால் தங்கச் சங்கிலியே உள்ளே வெற்றிடமாக, குழாய்போல் செய்யப்பட்டிருந்தாலும் எடை குறையும். தங்கம் உண்மை, அமைப்புதான் வேறு. அப்படிப்பட்டது நசுங்கினால் நிமிர்த்துவது கடினம்.

சுருக்கமாக: காரட் விகிதத்தைச் சொல்கிறது. மைக்ரான் பூச்சின் தடிமனைச் சொல்கிறது. "தங்க நிறம்" என்பது இரண்டில் எதையும் சொல்வதில்லை.

## கறுப்பு, பச்சை, அரிப்பு

"வெள்ளி கறுத்துவிட்டது, கலப்படம்" என்ற பேச்சை எத்தனை முறை கேட்டிருப்போம்! சுத்த வெள்ளியும் கறுக்கும். காற்றிலும் வியர்வையிலும் ரப்பரிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் படலமாகின்றன. நகைக்குப் பயன்படும் ஸ்டெர்லிங் வெள்ளி 92.5 சதவீதம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. முத்திரை 925. கறுப்பு மேலே படிந்த படலம்தான், துடைத்தால் அடியில் வெள்ளி அப்படியே இருக்கும். அலுமினியத் தாளின்மேல் நகையை வைத்து, சமையல் சோடா கரைத்த சூடான நீரை ஊற்றினால், கந்தகம் வெள்ளியை விட்டுவிட்டு அலுமினியத்தோடு போய்ச் சேரும். முத்தோ கல்லோ பதித்த நகைக்கு மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

தோலில் பச்சை படிவது செம்பின் வேலை. வியர்வையின் அமிலமும் உப்பும் செம்பைச் சிறிது கரைத்து, களிம்பு நிறத்தில் தோலில் விடுகின்றன. பார்க்க நன்றாயிராதே தவிர, கழுவினால் போய்விடும்.

அரிப்புதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் அதற்குக் காரணம் நிக்கல். வியர்வையில் கரையும் நிக்கல் தோலுக்குள் போய், சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரியாகப் பதிந்துவைத்துக்கொள்கிறது. அந்தப் பதிவு வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். பல வருடம் ஒன்றும் செய்யாத சங்கிலி ஒருநாள் திடீரென்று அரிக்கத் தொடங்குவது இதனால்தான். முலாமுக்கு அடியில் நிக்கல் அடுக்கு போடுவது வழக்கம் என்பதால், மேல் பூச்சு தேய்ந்ததும் தொல்லை ஆரம்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலோடு நீண்டநேரம் ஒட்டியிருக்கும் பொருள் எதுவும் வாரத்துக்கு 1 சதுர செ.மீ.-க்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளியிடக் கூடாது என்று விதியே இருக்கிறது. அந்த விதி உள்ளே எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று கேட்பதில்லை, எவ்வளவு வெளியே வருகிறது என்றுதான் கேட்கிறது. 316எல் எனப்படும் துருப்பிடிக்காத எஃகில் நிக்கல் உண்டு, ஆனால் அதன்மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம் அதை உள்ளேயே பூட்டிவைக்கிறது. அதனால் பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம் இருக்கிறது.

## முத்தும் "செயற்கை" என்ற சொல்லும்

தமிழில் செயற்கை என்று ஒரே சொல்லில் இரண்டு வேறு பொருள்களை அடக்கிவிடுகிறோம். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் கரிமத்தால் ஆனது, பூமியில் கிடைப்பதும் கரிமத்தால் ஆனது, இரண்டும் வைரமே. கியூபிக் சிர்கோனியா வேறு பொருள், பார்வைக்கு மட்டும் வைரம்போல் இருக்கும். முதலாவதை ஆய்வக வைரம் என்றும் இரண்டாவதைப் போலி என்றும் பிரித்துச் சொன்னால் எவ்வளவோ தெளிவு.

முத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். சிப்பிக்குள் தற்செயலாக உருவானது இயற்கை முத்து. மனிதர் கைவைத்துத் தொடங்கிவிட, சிப்பி தன் வேலையாகப் படலம் படலமாகப் பூசி வளர்த்தது வளர்ப்பு முத்து. இதுவும் உண்மையான முத்துதான். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் உருண்டைக்குப் பளபளப்புப் பூச்சு அடித்தது போலி. ஜப்பானைச் சேர்ந்த மிகிமோட்டோ கோகிச்சி 1893-இல் அரை உருண்டை வடிவ வளர்ப்பு முத்துகளை எடுத்தார். முழு உருண்டைகள் 1920-களில் உலகச் சந்தைக்குப் பரவின. அதற்குமுன் ஒரே நிறம், ஒரே அளவில் இயற்கை முத்துகளைச் சேர்த்து ஒரு சரம் கோர்ப்பதற்கு வருடக்கணக்கில் ஆகும். 1917-இல் நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையே, இரட்டைச்சர இயற்கை முத்துமாலை ஒன்றுக்கும் 100 அமெரிக்க டாலருக்கும் ஈடாகக் கார்ட்டியே என்ற நகை நிறுவனத்துக்குக் கைமாறியது.

முத்தைப் பல் விளிம்பில் மெதுவாகத் தேய்த்தால் நுண்மணல்போல் நறநறக்கும், போலி வழுவழுவென்று போகும். ஆனால் அது இயற்கையா வளர்ப்பா என்பதைப் பல் சொல்லாது, எக்ஸ்ரேதான் சொல்லும்.

முத்து முதன்மையாகச் சுண்ணாம்புச் சேர்மம். அதனால் அமிலத்துக்கு ஆகாது, கீறலுக்கும் ஆகாது. வாசனைத் திரவியம், ஹேர் ஸ்பிரே எல்லாம் அடித்து முடித்து, காய்ந்தபின் கடைசியாக மாலையைப் போட வேண்டும். கழற்றும்போது அதை முதலில் கழற்ற வேண்டும்.

முத்துமாலை கோர்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு முத்தைப் பட்டு நூலில் விட்டதும் நூலில் ஒரு தளர்ந்த முடிச்சு போடுவார்கள். அந்த முடிச்சுக்குள் ஊசிமுனையை விட்டு, முத்தின் துளைவாய்வரை மெல்ல நகர்த்திக்கொண்டுபோய், முட்டியதும் ஊசியை உருவி முடிச்சை இறுக்குவார்கள். அப்புறம் அடுத்த முத்து. ஒரு சரத்துக்கு இதையே நூறு முறைபோலச் செய்ய வேண்டும். இந்த முடிச்சுகளால் முத்தோடு முத்து உரசாது, நூல் அறுந்தாலும் ஒரு முத்துக்குமேல் சிதறாது. வருடங்கள் போகப்போகப் பட்டு நீளும். முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவில் நூல் தெரிய ஆரம்பித்தால் மாற்றிக் கோர்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

## கண்ணி: ஒரே உலோகம், வேறு வேறு குணம்

ஒரே தங்கக் கம்பியை எப்படி வளைத்துக் கோத்தோம் என்பதில் சங்கிலியின் ஆயுள் இருக்கிறது.

ஒரு கண்ணி நேராகவும் அடுத்தது குறுக்காகவும் மாறி மாறி வருவது கேபிள் சங்கிலி, இருப்பதிலேயே எளிமையானது. அதே கண்ணிகளைத் திருகி எல்லாவற்றையும் ஒரே பக்கமாகப் படுக்கவைத்தால் கர்ப். மூன்று குட்டைக் கண்ணிக்கு ஒரு நெட்டைக் கண்ணி வைத்தால் ஃபிகாரோ. சதுரக் கண்ணிகளால் ஆனது பாக்ஸ். பல கண்ணிகளை ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கயிறுபோல் முறுக்கியது ரோப் (நீளத்தின் பெயராக மேலே வந்த ரோப் வேறு), இதில் ஒரே இடத்தில் சுமை விழுவதில்லை என்பதால் நல்ல உறுதி.

பாம்புச் சங்கிலியும் மீன்முள் வடிவ ஹெர்ரிங்போனும் வேறு இனம். இவற்றில் இடைவெளியே இல்லாமல் தகடுகள் அடுக்காகச் சேர்ந்திருக்கும். வெளிச்சம் பட்டால் ஓடும் நீர்போல் மின்னும், அழகில் இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் கயிற்றை எவ்வளவு மடக்கினாலும் நிமிரும், காகிதத்தை மடக்கினால் மடிப்பு நிற்கும், இல்லையா? இவை காகிதத்தின் பக்கம். ஒருமுறை மடங்கினால் அந்தத் தடம் போவது அரிது. தினசரி போட, தூங்கும்போதும் போட்டுக்கொள்ள இவை வேண்டாம். கனமான பதக்கமும் மாட்ட வேண்டாம்.

கம்பியின் தடிமனைக் கவனியுங்கள். கம்பியின் விட்டம் பாதியானால் உறுதி பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. வெட்டுமுகத்தின் பரப்பு அப்படித்தான் குறையும். சின்ன வித்தியாசமாகக் கண்ணுக்குத் தெரிவது இழுப்பில் பெரிய வித்தியாசம்.

கண்ணியின் வாயையும் பார்க்க வேண்டும். கம்பியை வளைத்து முனைகளை முட்டவைத்து மட்டும் விட்டால் அது இழுபட்டுத் திறக்கும். நல்ல சங்கிலியில் அந்த வாயைப் பற்றாசு கொண்டு பற்றவைத்திருப்பார்கள். பற்றாசு என்பது நகையின் உலோகத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் கலவை. அதனால் அது உருகி இணையும்போது கண்ணி உருகாமல் நிற்கிறது.

## கொக்கி: கடைசியில் பார்ப்பது, முதலில் அறுவது

சங்கிலியைத் தேர்ந்தெடுக்க ஒரு மணிநேரம் செலவிடுபவர்கள் கொக்கியை ஒரு நொடிகூடப் பார்ப்பதில்லை. உள்ளே வில் வைத்த வட்டக் கொக்கி மெல்லிய சங்கிலிக்குப் போதும். நண்டின் கால்போல் இருக்கும் லாப்ஸ்டர் கொக்கி அதைவிட உறுதி, பிடித்துத் திறக்கவும் எளிது. எஸ் வடிவக் கொக்கி இழுப்பில் இருக்கும்வரைதான் நிற்கும், தளர்ந்தால் நழுவும். காந்தக் கொக்கி விரல் வலி உள்ளவர்களுக்கு வரம். ஆனால் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

இனி அக்காவின் வளையத்துக்கு வருகிறேன். கொக்கியையும் சங்கிலியையும் சேர்க்கும் அந்தக் குட்டி வளையத்தில் ஒவ்வோர் அசைவும் வந்து குவிகிறது. தலை திரும்பும்போதெல்லாம் அது உரசுகிறது. ஆகவே தேய்மானம் அங்கேதான் அதிகம், பதக்கத்தின் வளையத்திலும் அதேபோல. வருடத்துக்கு ஒருமுறை இந்த இரண்டு இடங்களை மட்டும் நல்ல வெளிச்சத்தில் பார்த்து, கம்பி ஒரு பக்கம் மெலிந்திருந்தால் மாற்றிவிட்டால் போதும். சின்னஞ்சிறு வேலை.

அந்த வளையத்தை அசைக்க முடியாத அளவுக்குத் தடிமனாக்கிவிடலாமா என்று கேட்கலாம். வேண்டாம் என்பேன். சங்கிலி எங்காவது மாட்டி வேகமாக இழுபட்டால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும், கழுத்து விட்டுக்கொடுக்கக் கூடாது. மின் இணைப்பில் ஃபியூஸ் செய்யும் வேலையை இந்த வளையம் செய்கிறது. சிறு குழந்தைகளுக்குத் தூங்கும்போதும் விளையாடும்போதும் கழுத்தில் எதுவும் போடாமல் இருப்பதே நல்லது.

## பெட்டிக்குள் விழும் முடிச்சு

பெட்டியில் நேராக வைத்த சங்கிலி மறுநாள் எப்படிச் சிக்கிக்கொள்கிறது? இதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2007-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் கயிறுகளைப் பெட்டியில் போட்டுச் சுழற்றிப் பார்த்தார்கள். சில நொடிகளிலேயே முடிச்சுகள் விழுந்தன. 46 செ.மீ.-க்குக் குறைவான கயிறுகளில் மட்டும் அநேகமாக முடிச்சே விழவில்லை. 46 செ.மீ. என்பது ஏறத்தாழ 18 அங்குலம். நகைச் சங்கிலி கயிற்றைவிட அதிகமாக வளைந்துகொடுக்கும் என்பதால் இன்னும் குறைந்த நீளத்திலேயே சிக்கும்.

முடிச்சு விழ ஒரு நுனி வேண்டும். நுனி மற்ற சுருள்களுக்கு மேலும் கீழும் நுழைந்து போனால்தான் முடிச்சு. கொக்கியை மாட்டிவிட்டால் சங்கிலிக்கு நுனியே இல்லை, அது ஒரு மூடிய வளையம். மூடிய வளையத்தில் புதிதாக முடிச்சு விழ வழியில்லை, பக்கத்தில் இருக்கும் இன்னொரு மூடிய சங்கிலியோடும் கோத்துக்கொள்ள வழியில்லை. சுருண்டு புரண்டு கிடக்கலாம், எடுத்து உதறினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஆகவே கழற்றியதும் கொக்கியைத் திரும்ப மாட்டிவிட்டு வையுங்கள். ஏற்கெனவே முடிச்சு விழுந்துவிட்ட உலோகச் சங்கிலியா? முனைகளைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு தட்டில் வைத்து, முடிச்சின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு ஊசிகளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தளர்த்துங்கள். அவிழ்ந்ததும் சோப்பு நீரில் அலசித் துடைத்து, கொக்கியை மாட்டி வையுங்கள்.